பிளாஸ்க் குடித்த சூடு

சென்ற மாதம் எங்கள் ஆய்வக வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி, அதன் முன்பக்கம் சின்னத் திரை, நெற்றியில் சந்தனம் குங்குமம். சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் எவ்வளவு சூடு வருகிறது என்பதை அதுவே அளந்து, அதுவே கணக்குப் போட்டு, அதுவே தாளில் அடித்துத் துப்பிவிடுமாம். கீழே ஆளாளுக்குக் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் மட்டும், "அந்தப் பெட்டி எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டு வைத்தேன். உடனே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "மேடம் பிளாஸ்க் கதைய ஆரம்பிச்சிட்டாங்க" என்று ஒருத்தி. "பாதி பாதியா கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு, ஒரு தடவ முழுசா எழுதிடுங்க மேடம்" என்று இன்னொருத்தி. சரி, எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் கும்பிடு போட வேண்டாம்.

நான் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் வசந்தா. இப்போது வேங்கிக்காலில் வீடு. சர்க்கரை ஆலையில் சுண்ணாம்புக்கு என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. கரும்பைப் பிழிந்த சாறு முதலில் ஒரே கலங்கலாக இருக்கும். சுண்ணாம்புப் பால் கலந்தால்தான் அழுக்கெல்லாம் அடியில் தங்கிச் சாறு தெளியும். சுண்ணாம்பு சொத்தையாக இருந்தால் சாறு தெளியாது, சர்க்கரை மங்கிவிடும், அப்புறம் மேலிடத்திலிருந்து ஆய்வகத்துக்குத்தான் போன் வரும். அதனால் வாசலுக்கு வரும் ஒவ்வொரு சுண்ணாம்பு லாரியையும் சோதித்த பிறகே உள்ளே விடுவோம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புட்டி கழுவினேன். தூக்கத்திலும் சொட்டு எண்ணினேன். காலேஜில் படித்ததில் பாதியை மறந்து, மீதியைத் திரும்பப் படித்தேன். திரும்பப் படித்ததெல்லாம் எங்கள் தலைமை கெமிஸ்ட் சம்பந்தம் சாரிடம்தான்.

சார் அடி அண்ணாமலைக்காரர். ஒல்லியான உடம்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் பேனாவுக்குப் பதில் தெர்மாமீட்டர். யாரையும் திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். அதுதான் தொல்லை. திட்டுகிறவரிடம் பதிலுக்கு முறைத்துக்கொள்ளலாம், இவரிடம் அதற்கும் வழி இல்லை. நான் பெருமையாக ஒரு கணக்கைப் போட்டு எடுத்துக்கொண்டு போனால் விடையைப் பார்க்கவே மாட்டார்.

"மொதல்ல சூடு எங்க போவுதுன்னு சொல்லு. எவ்ளோன்றது அப்புறம்" என்பார்.

நான் விழித்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "சூடு காணாமப் போவாதும்மா. எங்கியாவது குந்திகினு இருக்கும். போயி தேடு."

வேதிவினையில் வெளியே வரும் வெப்பத்தைக் கணக்கில் மைனஸ் போட்டு எழுதுவது வழக்கம். சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்தால் மைனஸ் அறுபத்தைந்து கிலோஜூல் என்று புத்தகத்தில் இருக்கும். கொள்முதல் மேலாளர் தேவராஜ் சார் ஒருநாள் எங்கள் அறைக்கு வந்தவர் கரும்பலகையில் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, மைனஸ் அறுபத்தஞ்சு? ஐஸ் கட்டியா ஆயிடுமா?" என்றார். சம்பந்தம் சார் சிரிக்கவில்லை. "சம்பளத்த வூட்ல குடுத்துட்டா உங்க பாக்கெட்டுக்கு அது மைனஸ் தான சார்? வூட்டுக்கு பிளஸ். சுண்ணாம்பு குடுக்குது, தண்ணி வாங்கிக்குது." தேவராஜ் சார் அதற்குப் பிறகு எங்கள் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் தன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போவார்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஒரு வினை எந்த வழியில் நடந்தாலும், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்றானால் மொத்த வெப்ப மாற்றமும் ஒன்றுதான் என்று ஒரு விதி உண்டு. அது என் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் சார் தாமதமாக வந்தார். கிரிவலக் கூட்டத்தில் அவர் தெருவிலிருந்து வண்டியே எடுக்க முடியவில்லையாம். நானும் அந்தக் கூட்டத்தில் நடந்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"மலையச் சுத்தி வந்து பொறப்பட்ட எடத்துலயே நின்னியே, எவ்ளோ ஒசரம் ஏறுன?" என்றார்.

"ஒண்ணும் ஏறல சார்."

"அப்ப காலு ஏன் வலிக்குது?"

நான் குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டேன்.

"ஒசரம் எடத்தோட கணக்கு. வலி பாதையோட கணக்கு. ரெண்டையும் கொழப்பிக்காத" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த விதி எனக்கு அன்றைக்குப் புரிந்தது. கால்வலியும் அன்றைக்கே குறைந்துவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இனி பிளாஸ்க்குக்கு வருகிறேன். வெப்பம் அளக்க முறையான கருவி வேண்டும் என்று வருடா வருடம் எழுதிக் கேட்போம். வருடா வருடம் பட்ஜெட்டில் இல்லை என்று பதில் வரும். அதனால் சார், வீட்டில் காப்பி ஊற்றி வைக்கிற சாதாரணக் கண்ணாடி பிளாஸ்க்கையே கருவியாக்கிவிட்டார். லாரியின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சுண்ணாம்பு எடுத்து, இடித்து, சலித்து, ஐம்பது கிராம் நிறுத்துக்கொள்வோம். பிளாஸ்க்கில் அரை லிட்டர் தண்ணீர். அதன் சூட்டைக் குறித்துக்கொண்டு, எத்தனை டிகிரி ஏறும் என்று நாம் நினைப்பதைப் பலகையில் எழுதியாக வேண்டும். எழுதாமல் சுண்ணாம்பைக் கொட்ட விடமாட்டார். "கொட்டினப்புறம் எழுதுனா அது கணக்கு இல்ல, காப்பி அடிக்கிறது" என்பார். பிறகு சுண்ணாம்பைக் கொட்டி, தெர்மாமீட்டர் செருகிய தக்கையைத் தளர்வாக வைத்து, பிளாஸ்க்கை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாதரசம் ஏறி ஏறி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் விடை. இருபத்திரண்டு டிகிரியாவது ஏறினால் லாரி உள்ளே போகலாம், ஏறாவிட்டால் வந்த வழியே போகலாம். சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டுப் பார்க்கிற நிதானமான டைட்ரேஷன் எல்லாம் உள்ளே வந்த சரக்குக்கு மட்டும்தான்.

அந்த இருபத்திரண்டு சும்மா வந்த எண் அல்ல. சுண்ணாம்பு தருகிற சூடு முழுவதும் தண்ணீருக்குப் போவதில்லை. பிளாஸ்க்கின் உள்சுவரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சார் அதைக் குடிப்பது என்பார். "ஒவ்வொரு பாத்திரமும் கொஞ்சம் குடிக்கும். எவ்ளோ குடிக்குதுன்னு தெரியாம அத்த நம்பாத." அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பிளாஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பாதி ஊற்றி, அதே அளவு வெந்நீரைச் சேர்க்க வேண்டும். பிளாஸ்க் ஒன்றுமே குடிக்காவிட்டால் கலவையின் சூடு இரண்டுக்கும் சரியாக நடுவில் நிற்கும். நடுவுக்குக் கீழே எவ்வளவு இறங்கி நிற்கிறதோ, அதிலிருந்து குடித்ததைக் கணக்கிடலாம். எங்கள் பழைய பிளாஸ்க் குடித்ததைச் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் இருபத்திரண்டு என்ற எல்லையை வைத்திருந்தார்.

என் மகள் கல்யாணத்துக்காக நான் விடுப்பில் இருந்தபோது அந்தப் பழைய பிளாஸ்க் கழுவும் தொட்டியில் விழுந்து உடைந்துவிட்டது. கரும்பு அரவைப் பருவம் தொடங்கும் நேரம். சார் அன்று மாலையே தேரடித் தெருவில் ஒரு பிளாஸ்க் வாங்கி வந்துவிட்டார். தடித்த எஃகு, நல்ல கனம், கீழே போட்டாலும் உடையாது. பழையதில் இருந்ததைப் போலவே இதன் மேலும் சிவப்புப் பெயின்ட்டில் 22 என்று தன் கையாலேயே எழுதி வைத்தார். நான் திரும்பி வந்ததும், "பாத்தியா, யானை மிதிச்சாலும் தாங்கும்" என்று தட்டிக் காட்டினார். அந்தப் பருவம் முடிந்ததும் அவர் ஓய்வு பெறுவதாக இருந்தது. இத்தனை வருடத்தில் சாரின் சோதனை ஒன்றுகூடத் தப்பியதில்லை என்று ஆலை முழுக்கச் சொல்வார்கள். பிரிவு உபசார விழாவில் யார் யார் பேசுவது என்று அப்போதே பேச்சு அடிபட்டது.

எங்களுக்குச் சுண்ணாம்பு கொடுத்தவர்களில் பச்சையம்மாவும் ஒருவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் அவரும் அவர் வீட்டுக்காரரும் சொந்தமாகச் சுண்ணாம்புக்கல் சுடும் காளவாய் வைத்திருந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லாரியோடு அவரே வருவார். பெரிய குரல், பெரிய பொட்டு. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்குவதெல்லாம் குறைந்து எல்லோரும் பெயின்ட்டுக்குப் போய்விட்ட காலம். எங்கள் ஆலையை நம்பித்தான் அவர்கள் காளவாய் எரிந்தது. அவர் சுண்ணாம்பு முதல் தரம் என்று சொல்ல மாட்டேன். இருபத்து மூன்று, மிஞ்சினால் இருபத்து நான்கு டிகிரி ஏறும். வெளியூர்ப் பெரிய வியாபாரிகளின் சரக்கு இருபத்தாறு ஏறும். ஆனாலும் பச்சையம்மாவின் லாரி ஒருமுறைகூடத் திரும்பிப் போனதில்லை.

அந்தப் பருவத்தில் பச்சையம்மாவின் முதல் லாரியே திரும்பியது. இருபத்தொன்றுக்குச் சற்று மேலே ஏறி நின்றுவிட்டது.

"இன்னா மேடம், போன வருசம் இனிச்ச சுண்ணாம்பு இந்த வருசம் கசக்குதா?" என்று சிரித்துக்கொண்டேதான் போனார். இரண்டாவதும் திரும்பியபோது சிரிக்கவில்லை. இரண்டு தடவையும் நல்ல மழை. சுட்ட சுண்ணாம்பைத் திருப்பி எடுத்துப் போய் வைத்திருக்க முடியாது. ஈரக்காற்றுப் பட்டாலே பொருமி மாவாகிவிடும். மூன்று லோடு திரும்பினால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவது ஆலை வழக்கம். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மூன்றாவது லாரி வந்த அன்று நான்தான் சோதனை செய்தேன். ஏற வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே சுழற்றினேன். இருபத்தொன்றே காலில் நின்றுவிட்டது. வாசலுக்குப் போனால் தேவராஜ் சார் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். பச்சையம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"மேடம், அதே கல்லு, அதே கரி, அதே ஆளுங்க. எங்க பக்கத்துல ஒண்ணும் மாறல. உங்க பக்கத்துல இன்னா மாறிச்சு? அத்த சொல்லுங்க."

"எங்க பக்கம் இன்னாம்மா மாறும்? தண்ணி மாறுமா?" என்றார் தேவராஜ் சார்.

எனக்குச் சுருக்கென்றது. வெளியூர் வியாபாரிகளின் சுண்ணாம்பும் இந்தப் பருவத்தில் இருபத்து மூன்றரைக்கு மேல் ஏறவே இல்லை. அவர்கள் எல்லைக்கு வெகு மேலே இருந்தவர்கள், அதனால் இரண்டரை டிகிரி குறைந்தும் தேறிவிட்டார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லையை ஒட்டி இருந்த பச்சையம்மாதான் விழுந்துவிட்டார். எல்லோர் சுண்ணாம்பும் ஒரே நேரத்தில் எப்படிக் கெடும்? அப்படியானால் அந்தச் சூடு எங்கே போகிறது? கையிலேயே வைத்திருந்த எஃகு பிளாஸ்க் அப்போதுதான் எனக்குக் கனத்தது.

"செத்த இருங்க. இன்னும் ஒண்ணும் முடிவாவல" என்று சொல்லிவிட்டு, வாட்ச்மேனிடம் பச்சையம்மாவுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். போனேன் என்று எழுதுவது சுலபம். சாரின் அறை வாசல் வரை போய்விட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பிவிட்டேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மனிதர். நான் தலை குனிந்து மரியாதை செய்த சிலரில் அவர் ஒருவர். அவரிடம் போய் நீங்கள் தவறிவிட்டீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் வாசலில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். மறுபடி போனேன்.

"சார், புது பிளாஸ்க்கு எவ்ளோ குடிக்குதுன்னு பாத்தீங்களா?"

சார் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். மூன்றாவது லாரியும் திரும்பிப் போயிருக்கும்.

"பாக்கலம்மா. அன்னிக்கு லாரிங்க வரிசையா நின்னுது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வச்சேன்."

எழுந்து வந்து அவரே அடுப்பை மூட்டினார். குளிர்ந்த தண்ணீரைக் கால் லிட்டர் அளந்து பிளாஸ்க்கில் ஊற்றினார். இருபத்தெட்டு டிகிரி. கால் லிட்டர் வெந்நீர் அறுபத்தெட்டுக்கு வரும்வரை தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடு என்றால் நாற்பத்தெட்டு. பலகையருகே போய், எவ்வளவு வரும் என்று தான் நினைப்பதை எழுதினார். 45. அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெந்நீரை ஊற்றித் தக்கையை மூடிச் சுழற்றினார். பாதரசம் நாற்பத்தைந்தில் நின்றது. பழைய பிளாஸ்க் நடுவிலிருந்து ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தான் இறக்கும். இது மூன்று டிகிரியை இறக்கிவிட்டது. பழையதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் குடித்திருந்தது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் பச்சையம்மாவின் சுண்ணாம்பு எப்போதும் போல இருபத்து மூன்றரை.

தேவராஜ் சார் கதவைத் திறந்து, "சார், பேர எடுத்துடலாமா?" என்று கேட்டார். சார் விஷயத்தைச் சொன்னார். தேவராஜ் சார் கெட்டவர் அல்ல. சார் மேல் நிஜமாகவே பிரியம் உள்ளவர். கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தார்.

"சார், இன்னிலருந்து கணக்க மாத்திக்கோங்க. இந்த லாரிய உள்ள வுட்டுடுவோம். பழசக் கிளறாதீங்க. இன்னும் கொஞ்ச நாள்ல போவப் போறீங்க. அந்தம்மாவுக்கு இன்னா தெரியப் போவுது?"

சார் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"பச்சையம்மா, உங்க சுண்ணாம்பு நல்லாதான் இருக்குது. போன ரெண்டு லோடும் நல்ல சுண்ணாம்புதான். நாந்தான் தப்பா அளந்துட்டேன்."

அந்த அம்மா ஊரைக் கூட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் கத்தவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு லோடும் மழையில நீத்துப் போச்சு சாரு. எங்க வூட்டுக்காரரு காளவாய இடிக்க நாளைக்கு ஆள வரச் சொல்லியிருக்காரு."

"போன் போட்டு வேணாம்னு சொல்லும்மா."

"நான் சொன்னா நம்ப மாட்டாரு. நாலு நாளா நானும் இதத்தான் சொல்லிக்கினு இருக்கேன், நம்ம சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்புன்னு. நீங்களே சொல்லுங்க." போனைப் போட்டு சாரின் கையில் திணித்துவிட்டார். "காது கொஞ்சம் கம்மி அவருக்கு. சத்தமா பேசுங்க."

சார் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். அந்தப் பக்கம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் அந்த மனிதர், வாழ்நாளில் குரலை உயர்த்தியே அறியாதவர், ஆலை வாசலில் நின்று கத்தினார். "நாந்தாங்க தப்பா அளந்துட்டேன்! உங்க சுண்ணாம்பு மேல தப்பு இல்லீங்க! என் மேல தப்பு! காளவாய இடிக்காதீங்க!" எடைமேடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கரும்பு லாரி டிரைவர்கள் டீ கிளாஸோடு வந்து நின்றார்கள். "யாரு தப்பு?" என்று அந்தப் பக்கம் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். "சம்பந்தம்! சம்பந்தம் தப்பு! கெமிஸ்டு!" என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

லாரி உள்ளே போனது. போன இரண்டு லோடுக்கும் ஆலையே விலை கொடுக்கும்படி சார் மேலிடத்தில் போய் நின்று வாங்கிக் கொடுத்தார். தவறு தன்னுடையது என்று எழுதியும் கொடுத்தார். காளவாய் இடிபடவில்லை.

அன்று சாயங்காலம் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். சார் பக்கத்தில் வந்து நின்றார். என்னால் அடக்க முடியவில்லை. "வாசல்ல அத்தன பேரு முன்னாடி உங்கள அப்படி நிக்க வச்சிட்டேன் சார்" என்றேன்.

"நீ கேக்காம இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும் சொல்லு" என்றார். பழைய அமைதியான குரல் திரும்பியிருந்தது. "பருவம் முடிஞ்சதும் மாலை போட்டிருப்பாங்க. ஒரு சோதனைகூட தப்புனதில்லன்னு தேவராஜ் மைக்ல பேசியிருப்பாரு. நானும் தலைய ஆட்டிகினு குந்தியிருந்திருப்பேன். அங்க காளவாய இடிச்சிகினு இருப்பாங்க." என் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கித் துடைத்தார். "அது எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சே இருக்காதும்மா."